எவர்சில்வருக்கு அடிச்ச யோகம்

வாங்கு பேராண்டி, தாராளமா வாங்கு. உங்கப்பன் தினசரி காலண்டர் அடிச்சுச் சம்பாதிச்ச துட்டு உன் கைக்கு வந்திருக்கு. நாட்டுக்கே தேதி கிழிக்கக் குடுத்த குடும்பத்துப் பிள்ளை, சுவிட்சர்லாந்து வாட்சுல ஒரு மணி பாக்கக் கூடாதா? செலவுன்னு சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். "தாத்தா, இது செலவில்ல, முதலீடு"ன்னியே, அங்கதான் எனக்கு வெத்தலை புரையேறிப் போச்சு.

முதலீடுன்னா இந்தக் கிழவன் ரெண்டே கேள்விதான் கேப்பான். அவசரத்துக்கு அடகு வச்சா எவன் துட்டுக் குடுப்பான்? வித்தா எவன் வாங்குவான்?

உங்க ஆச்சி ரெட்டைவடச் சங்கிலியைத் தூக்கிக்கிட்டு கூட்டுறவு பேங்குக்குப் போனான்னு வையி. மதிப்பீட்டாளர் கல்லுல ஒரு இழுப்பு இழுத்து உரசுவாரு, தராசுல வைப்பாரு, கிராமுக்கு இம்புட்டுன்னு கையில குடுத்திருவாரு. நீ வாங்கப் போற ரோலக்ஸைக் கொண்டு போயி அதே கல்லுல உரசச் சொல்லு. என்ன வரும்? எவர்சில்வர் வரும். 904எல்னு அதுக்கு ஒரு நம்பர் வேற வச்சிருக்கான், சாதாரண எவர்சில்வரை விட உப்புத் தண்ணிக்கு நல்லாத் தாங்குமாம். தாங்கட்டும். நம்ம ஊருல குடிக்கிற தண்ணியே பாதி உப்புதான், அந்த வகையில உனக்குப் பொருத்தந்தான்.

இதுல கூத்து என்னன்னா, சுவிஸ்காரன் சந்தையில தங்க வாட்சை விட எவர்சில்வர் வாட்சுக்குத்தான் அடிபிடி. இந்தக் கூத்தை ஆரம்பிச்சு வச்சது 1972ல. ஓடெமார் பிகேங்கிற கம்பெனிக்காக ஜெரால்ட் ஜென்டான்னு ஒருத்தர் எட்டுமூலை வச்சு, மேல திருகாணி தெரியுற மாதிரி ராயல் ஓக்னு ஒண்ணு வரைஞ்சு குடுத்தாரு. செஞ்சது எவர்சில்வர்ல, விலை மட்டும் பல தங்க வாட்சுக்கு மேல. நாலு வருஷங்கழிச்சு அதே மனுசன் பாட்டேக் பிலிப்புக்கு நாட்டிலஸ்னு இன்னொண்ணு வரைஞ்சாரு. இன்னைக்கு உன் கூட்டாளிக செல்போன்ல படம் பாத்து ஏங்குறது இந்த ரெண்டையும் ரோலக்ஸ் டேடோனாவையுந்தான்.

ஏங்குறதோட நின்னுக்கிட்டா நல்லது. ஏன்னா கடையில குடுக்க மாட்டான். துட்டை மூட்டை கட்டித் தலையில வச்சுக்கிட்டுப் போனாலும் குடுக்க மாட்டான். "பேரை எழுதிக் குடுத்துட்டுப் போங்க, வந்தாச் சொல்றோம்"பான். முதல்ல வேற நாலு வாட்சு வாங்கி, வீட்டுப் பொம்பளைகளுக்கும் ரெண்டு வாங்கிக் குடுத்து, கடைக்காரன் மனசு குளிர்ந்தாத்தான் நீ கேட்டது கண்ணுல படும். நம்ம ஊருப் பட்டாசுக் கடையில "நீ மொதல்ல அஞ்சு பெட்டி பாம்புமாத்திரை வாங்கு, அப்புறம் யோசிச்சு உனக்கு ஒரு சரவெடி தாரேன்"னு சொல்லிப் பாக்கட்டும், யாவாரம் அன்னைக்கே முடிஞ்சிரும். சுவிட்சர்லாந்துக்காரன் சொன்னா மட்டும் அது கௌரவம்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, காதைக் குடு. விலை ஏறுற வாட்சை உனக்குக் குடுக்க மாட்டான். உனக்குக் குடுக்குற வாட்சு பெரும்பாலும் விலை ஏறாது, கடைவாசலைத் தாண்டினதுமே இறங்கும். இதைத்தான் நீ முதலீடுங்கிற.

வெளிச்சந்தையில வாங்கிக்கிடுவேங்கிறியா? அந்தக் கதையும் கேட்டுக்க. கொரோனாச் சமயத்துல உலகம் பூராம் வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்தவன் கையில துட்டும் சேந்துச்சு, செல்போனும் இருந்துச்சு. ரோலக்ஸ் எவர்சில்வர் டேடோனா, கடை விலை 13,000, 14,000 டாலர், 2022 தொடக்கத்துல வெளிச்சந்தையில 40,000 டாலரைத் தாண்டிருச்சு. நாட்டிலஸ் 5711ங்கிறதை 2021ல கம்பெனி நிறுத்தினதும் அது லட்சம் டாலரை எல்லாம் தாண்டி எங்கேயோ போயிருச்சு. 2022 மார்ச்சுக்கு மேல கிரிப்டோகாரன் கவுந்தான், வட்டி ஏறுச்சு, வாட்சு விலையும் மளமளன்னு இறங்கிருச்சு. உச்சியில வாங்கினவன் அதைக் கட்டிக்கிட்டு வெளிய போனா மனசு கேக்கலை, பெட்டியில வச்சா தூக்கம் வரலை.

உங்கிட்ட எவனோ பால் நியூமன் கதை சொல்லியிருப்பான், சொல்லாம விட்டிருக்க மாட்டான். 2017ல நியூயார்க் ஏலத்துல அந்த நடிகரோட டேடோனா ஒண்ணேமுக்கால் கோடி டாலருக்கு மேல போச்சு, அதுவரைக்கும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் ஏலத்துல அந்த விலை கெடைச்சதில்ல. சரி, ஆனா அது எப்படி ஏலத்துக்கு வந்துச்சுன்னு சொன்னானா? அவரு கார்ப் பந்தயம் ஓட்டுறவரு. பாத்து ஓட்டுங்கன்னு பின்பக்கம் பொறிச்சு வீட்டம்மா வாங்கிக் குடுத்த வாட்சு அது. வருஷக்கணக்காக் கட்டித் தேச்சுட்டு, மகளோட சினேகிதப் பையன் மணி தெரியாம முழிக்கவும், இந்தா வச்சுக்கன்னு சும்மாக் குடுத்துட்டாரு. குடுத்தவரும் முதலீடுன்னு நெனைக்கலை, வாங்கினவனும் நெனைக்கலை.

சுவிட்சர்லாந்துக்காரனைக் குறை சொல்லலை பேராண்டி. எனக்கு அவன் மேல மரியாதை உண்டு, அவனும் நம்மளும் ஒரே சாதிப் பொழைப்பு. அவன் ஊரு ஜூரா மலையில பனி கொட்டுற மாசம் வெள்ளாமை கிடையாது. அங்க உள்ள சம்சாரிக வீட்டுக்குள்ள உக்காந்து வாட்சுக்குப் பல்சக்கரம் ராவினாங்க. இங்க மழை பெய்யாத கரிசக்காடு. 1922ல நம்ம ஊரு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போயித் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. நம்ம சம்சாரிக தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கினாங்க. அங்க வானம் பனியாக் கொட்டிக் கெடுத்துச்சு, இங்க கொட்டாமக் கெடுத்துச்சு.

ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி எமனும் வந்தான். அவனுக்கு ஜப்பான்ல இருந்து. 1969 கிறிஸ்துமஸ் அன்னைக்கு செய்கோ கம்பெனி குவார்ட்ஸ் வாட்சைக் கொண்டாந்துச்சு. பேட்டரி போட்டா ஓடும், சாவி குடுக்க வேணாம், மணியும் பிசகாது. சுவிஸ்ல 1970 வாக்குல 90,000 பேரு வாட்சு வேலை பாத்தாங்க. எண்பதுகள் நடுவுல அது 30,000 பக்கம் சுருங்கிப் போச்சு. நமக்குச் சீனாவுல இருந்து பிளாஸ்டிக் லைட்டர் வந்துச்சு.

நம்ம என்ன செஞ்சோம்? டெல்லிக்கு மனுப் போட்டோம். 2023 ஜூன்ல, இருவது ரூபாய்க்குக் கீழ உள்ள லைட்டரை இறக்குமதி பண்ணக் கூடாதுன்னு உத்தரவு வாங்கினோம். அதுக்கு முன்ன, பதினாலு வருஷம் ஒரு ரூபாய்க்கே வித்த தீப்பெட்டியை 2021 டிசம்பர்ல ரெண்டு ரூபாய் ஆக்குறதுக்குள்ள சங்கத்துல எத்தனை கூட்டம், பேப்பர்ல எத்தனை செய்தி! சுவிஸ்காரன் பாரு, ஒரு பக்கம் 1983ல ஸ்வாட்ச்னு பிளாஸ்டிக் வாட்சை விட்டு எதிரி சோலியை எதிரி மாதிரியே பாத்தான். இன்னொரு பக்கம், "குவார்ட்ஸ் மணி காட்டும், எங்க வாட்சு பரம்பரை காட்டும்"னு பழைய சாவிவாட்சு விலையைத் தூக்கி வச்சான். சரியா மணி காட்டுறதுல தோத்தவன் அந்தத் தோல்விக்கே விலை போட்டான்யா! நமக்கு அந்தப் புத்தி வந்திருந்தா, கையால மருந்து முக்கின குச்சி, 500 பெட்டி மட்டும், ஒவ்வொண்ணுலயும் நம்பர், பெட்டி ஆயிரம் ரூபாய்னு திருத்தங்கல்ல இருந்து ஜெனீவாவுக்கு அனுப்பியிருக்கலாம். அங்கயும் வரிசையில நின்னு வாங்க உன்னை மாதிரி ஒரு பேராண்டி இருக்கத்தான் செய்வான்.

தோல்வின்னதும் மூஞ்சி சுருங்குது. கணக்குப் பாப்போம். ரோலக்ஸ் தன் வாட்சுக்குச் சொல்ற கெடு ஒரு நாளைக்கு ரெண்டு செகண்டு முன்ன பின்ன. சாவிவாட்சுக்கு அது பெரிய சாமர்த்தியந்தான். சாதாரண குவார்ட்ஸ் ஒரு மாசத்துக்கே பதினஞ்சு செகண்டுதான் பிசகும். நம்ம மாநிலத்து டிட்கோவும் டாடாவும் சேந்து 1984ல தொடங்கின டைட்டன், ஓசூர்ல இருந்து வருது. பேட்டரி போட்ட டைட்டனைக் கட்டிக்கிட்டு பட்டாசு ஆபீஸ் பஸ்சைப் பிடிக்கிற பொம்பளைப் பிள்ளை, உன்னை விடச் சரியா மணி பாத்துக்கிட்டு ஏறுவா.

பழைய எச்.எம்.டி. கதை உனக்குத் தெரியாது. பெங்களூர்ல 1961ல சிட்டிசன்கிற ஜப்பான் கம்பெனி கத்துக் குடுத்து அரசாங்கம் செஞ்ச வாட்சு. மாமனார் வீட்டுல எச்.எம்.டி. போடலைன்னு மறுவீட்டுக்குப் போகாம முறுக்கிக்கிட்டுத் திரிஞ்ச மாப்பிள்ளைகளை இந்தத் தெருவுலயே பாத்திருக்கேன். 2016ல மத்திய அரசு வாட்சுக் கம்பெனியை மூடிருச்சு. மூடப் போறான்னு தெரிஞ்சதும், யாரும் சீந்தாத ஜனதா வாட்சைச் சேத்து வைக்கிறதுக்குன்னே ஒரு கூட்டம் கெளம்பிருச்சு. உடனே மும்பைப் பக்கம் பழைய எச்.எம்.டி.க்குப் புது முகம் வரைஞ்சு விக்கிற சோலியும் சூடு பிடிச்சிருச்சு. உள்ள ஒரு கம்பெனி எந்திரம், முகத்துல வேற எழுத்து, முள்ளு இன்னொரு வாட்சுல கழட்டினது. கம்பெனி செத்தா விலை ஏறும், விலை ஏறினாப் போலி பெருகும். ரோலக்சுக்கும் அதே விதிதான், என்ன, அது சாகாமலே போலி பெருகிக் கெடக்கு.

அதனாலதான் பழசு வாங்குறவன் பெட்டியும் பேப்பரும் கேக்குறான். வாட்சு கூட வந்த பெட்டி, நம்பர் போட்ட அட்டை, கடை பில்லு. இதெல்லாம் இல்லாட்டாப் பழைய வாட்சுக்கு விலையைக் குறைச்சிருவான். நம்ம ஊர்ப் பக்கம் தடுக்கி விழுந்தா அச்சாபீஸ், அட்டையும் லேபிளும் நம்ம தொழிலு. ஆனா வெத்துப் பெட்டிக்கும் தனியாச் சந்தை உண்டுன்னு நெனைக்க நமக்குத் தோணலை பாரு.

பில்லுன்னதும் ஞாபகம் வருது. 2022 டிசம்பர்ல தமிழ்நாட்டு பா.ஜ.க. தலைவரா இருந்த அண்ணாமலை கையில ரஃபேல் வாட்சு. பெல் அண்ட் ராஸ் கம்பெனி ரஃபேல் போர் விமானத்துப் பேருல 500 மட்டும் செஞ்சது. அமைச்சரா இருந்த செந்தில் பாலாஜி பில்லு எங்கன்னு கேட்டாரு. டீக்கடைக்கு டீக்கடை அதான் பேச்சு. கடைசியில 2023 ஏப்ரல் 14ல பில்லைக் காட்டி, நண்பர்கிட்ட 3 லட்சத்துக்கு வாங்கினேன்னாரு. யாரு பக்கம் நியாயம்னு நமக்கு வேணாம், ரெண்டு கட்சிக்காரனும் எங்கிட்ட வெத்தலை வாங்கிப் போடுறவன்.

ஆனா இந்த வில்லங்கம் நம்ம ஊருக்குப் புதுசில்ல. சிலப்பதிகாரத்துல கட்டுரை காதையில வருதே, தங்கால்னு, அது இந்தத் திருத்தங்கல்தான். பராசரன்னு சோழநாட்டுக்காரன் சேர ராசாகிட்டப் பரிசு வாங்கிக்கிட்டு இந்த வழியா வந்தான். இங்க இருந்த வார்த்திகன்னு ஒருத்தனோட மகன், பால் மணம் மாறாத பய, வேதத்தைப் பிசகாமச் சொல்லவும் மெச்சி நகையைக் குடுத்துட்டுப் போயிட்டான். ஏழை வீட்டுப் பிள்ளை மேல நகையைப் பாத்ததும் அரசாங்கத்து ஆளுகளுக்குப் பொறுக்கலை. புதையல் எடுத்துட்டான்னு அப்பனைத் தூக்கி உள்ள போட்டுட்டாங்க. வார்த்திகன் கையில பில்லு இல்ல. கொற்றவை கோயில் கதவு திறக்க மாட்டேன்னு அடம் பிடிச்ச பெறகுதான் பாண்டியனுக்கு விசயம் புரிஞ்சு, மனுசனை விட்டு, தங்காலையும் வயலூரையும் அவனுக்கே குடுத்தான். உனக்காகக் கதவை மூடிக்கிட இப்ப எந்தச் சாமியும் இல்ல பேராண்டி, பில்லை வாங்கி வச்சுக்க.

பத்து லட்சத்துக்கு மேல ஒரு வாட்சு வாங்கினா, 2025 ஏப்ரல் 22ல இருந்து கடைக்காரன் நூத்துக்கு ஒரு ரூபாய் உன் பேருல வரி பிடிச்சுக் கட்டிருவான். துட்டு பெருசில்ல, கணக்குல கழிச்சுக்கிடலாம். உன் பான் நம்பர் போயி இன்கம்டாக்ஸ் ஆபீஸ்ல உக்காந்துக்கிடும் பாரு, அதான் விசேசம். துபாய்ல மச்சான் கட்டிக்கிட்டு வந்து குடுப்பான்கிற ரோசனையை விட்ரு. 2024ல சென்னை விமான நிலையத்துல பிடிச்ச ரெண்டே வாட்சு 1.73 கோடின்னு பேப்பர்ல வந்துச்சு. சுங்கத்துல இருக்கிறவனும் உன்னை மாதிரியே செல்போன்ல வாட்சுப் படம் பாக்குறவந்தான்.

இன்னொண்ணு. சுவிட்சர்லாந்தும் அதோட கூட்டாளி நாடுகளும் நம்மளோட போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1ல அமலுக்கு வந்திருச்சு. அங்க இருந்து வர்ற வாட்சுக்கு வரி வருஷா வருஷம் குறையுமாம். வரி குறைஞ்சு நாளைக்குப் புதுசு சல்லிசா வந்தா, இன்னைக்கு முழு வரி குடுத்து நீ வாங்கின பழசை எவன் எடுப்பான்? அவனும் வருஷா வருஷம் விலை ஏத்துறான்தான். எந்தக் கை மேல வருதுன்னு பந்தயம் கட்டுறதுக்கு ஜெனீவா எதுக்கு, ஆடுபுலி ஆட்டம் போதும்.

இம்புட்டும் சொல்லியும் உன் கண்ணு அந்தப் படத்து மேலயே இருக்கு. சரி வாங்கு. உனக்குப் பிடிச்சதா வாங்கு, ஏறுமா இறங்குமான்னு பாக்காத. பேங்குக்கடன்லயும் தவணையிலயும் வாங்காத. கட்டு, தினமும் கட்டு. கீறல் விழுந்தாத் தேச்சுப் பளபளன்னு ஆக்குறேன்னு எவங்கிட்டயும் குடுத்திராத, தேச்ச வாட்சுக்கு மதிப்புக் குறைவு. பத்து வருஷத்துக்கு ஒருக்கா கழட்டிச் சுத்தம் பண்ண அந்தக் கம்பெனிக்காரன் கேக்குற கூலியில உங்கப்பன் எச்.எம்.டி. ரெண்டு வாங்கியிருப்பான், அதையும் இப்பவே எடுத்து வையி.

ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் போட்டு, ஆர்டர் பிடிச்சு, பாக்கி வசூலான பெறகு வாங்கு. வாங்குறதுக்கு முன்ன வீட்டுல விலையைச் சொல்லிரு. உண்மை விலையை. சொல்றதுக்கு முந்தின நாள் எனக்கு ஒரு போன் போடு, காலைல முதல் ரயிலுக்கு நான் விருதுநகருக்கு ஒரு சோலியாப் போயிருதேன்.