குப்பைக்கும் பொக்கிஷத்துக்கும் நடுவே ஒரு பத்மினி

அனுப்புநர்: புகை தள்ளும் பழைய கார் வைத்திருப்போர் சார்பில் ஒருவர், துடியலூர், கோயமுத்தூர்.

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: 1978-இல் பதிவான பிரீமியர் பத்மினியை விற்பதா, வைத்துக்கொள்வதா – தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

எட்டு வழிச் சாலைகளில் மும்முரமாக இருக்கும் தங்களிடம் ஒரு பழைய காரின் என்ஜின் கோளாறைக் கொண்டுவருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் வேறு வழியில்லை. காரை விற்பதா வைத்துக்கொள்வதா என்பது ஒரு காலத்தில் வீட்டுத் திண்ணையிலேயே முடிந்துவிடுகிற பேச்சு. மெக்கானிக் ஒரு தொகை சொல்வார், புரோக்கர் ஒரு தொகை சொல்வார், வீட்டம்மா ஒரு வார்த்தை சொல்வார். கூட்டிக் கழித்தால் விடை வந்துவிடும். இப்போது நான்காவதாக அரசிதழும் ஒன்று சொல்கிறது, அதுவும் ஒரே காரைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறது. 1089 சிசி, நாலு சிலிண்டர், காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை, மேடு கண்டால் இழுவை இல்லை. இப்படி ஒரு பத்மினி குப்பையா, பொக்கிஷமா என்று தாங்கள் முடிவு செய்யும்வரை அதன் உடைமையாளர் எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த முடிவைக் காரின் பிறந்த தேதியை வைத்து எடுக்காமல், அது விடும் புகையையும் ஓடும் கிலோமீட்டரையும் வைத்து எடுங்கள் என்பதே இந்த விண்ணப்பம்.

முதலில் கணக்கு. 1978-இல் பதிவான கார் பதினைந்து ஆண்டு ஓடி, 1993 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறது. 2022 ஏப்ரலுக்கு முன்னால் அதற்குக் கட்டணம் 600 ரூபாய். அந்த ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், இருபது வயது தாண்டிய காருக்கு 10,000 என்று ஆக்கினீர்கள். ஆண்டுக்கு 120 ரூபாயில் கிடந்தது 2,000 ரூபாய்க்கு வந்துவிட்டது. சரி, பழசைக் கழிக்கச் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் 2021 ஜூலையில் தாங்களே வெளியிட்ட வின்டேஜ் விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய கார் நாட்டின் பாரம்பரியச் சொத்து. ஆக 2028-இல், துடியலூரில் இயங்கும் கோவை வடக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கவுன்ட்டரில், இதே கார் ஒரு தேதி வரை நாட்டைக் கெடுக்கும் புகைக்கூண்டு, அடுத்த தேதியிலிருந்து நாட்டின் பெருமை. நடுவில் என்ஜினுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அதே நீலப்புகைதான். வின்டேஜ் பதிவு பத்தாண்டு செல்லும். புதுப் பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000. புதுப் பதிவு என்ற கட்டத்தில் டிக் அடித்தால் இங்கும் ஆண்டுக்கு அதே 2,000 ரூபாய்தான் வருகிறது. குப்பைக்கும் பொக்கிஷத்துக்கும் ஒரே வாடகை. வித்தியாசம் ஒன்றுண்டு: குப்பையைத் தினமும் ஓட்டலாம், பொக்கிஷத்தை ஓட்டக் கூடாது. காட்சிக்கும், தொழில்நுட்ப ஆய்வுக்கும், பழங்கார் பேரணிக்கும், பெட்ரோல் போடவும், பராமரிக்கவும் மட்டும் வெளியே எடுக்கலாம். துடியலூர் சந்தைக்குப் போனால், பெட்ரோல் போடப் போகிற வழியில் கத்திரிக்காய் வாங்கியதாகத்தான் கணக்குக் காட்ட வேண்டும்.

கட்டணம் போகட்டுங்க. உண்மையான முடிச்சு என்ஜினில் இருக்கிறது. வின்டேஜ் என்று பெயர் வாங்க வேண்டுமானால் கார் ஆதி வடிவில் இருக்க வேண்டும்; சேஸிஸ், பாடி, என்ஜின் எதிலும் மாற்றம் செய்யும் பெரிய ஓவர்ஹால் நடந்திருக்கக் கூடாது என்கிறது விதி. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், சிலிண்டர் போர் அகன்றிருக்கும், வால்வு கைடு ஆடும். கோயமுத்தூர் மோட்டாரும் பம்பும் செய்து பிழைக்கிற ஊர். ஃபவுண்டரியும் லேத்தும் போரிங் கடையும் தெருவுக்குத் தெரு உண்டு. வார்ப்பிரும்பு பிளாக் ஒன்றைப் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது இங்கே அன்றாட வேலை. அப்படிப் போட்டால் சிலிண்டரின் விட்டம் அரை மில்லிமீட்டர் கூடும். அது என்ஜினில் மாற்றமா? சரி, லைனர் இறக்கிக் கம்பெனி கொடுத்த பழைய அளவுக்கே கொண்டுவருகிறோம். அளவு ஒரிஜினல், இரும்பு புதுசு. இது ஆதி வடிவமா, மாற்றமா? விதியை எழுத்துக்கு எழுத்துப் படித்தால் என்ஜினைத் தொடாமல் புகைய விடுபவர் பாரம்பரியக் காவலர்; புகையை நிறுத்திச் சரிசெய்தவர் தகுதியிழந்தவர். அம்பாசடருக்கு டீசல் என்ஜின் மாற்றிக்கொண்ட ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. அது வேறு வழக்கு. தன் சொந்த என்ஜினையே சரிசெய்துகொள்கிற காரைப் பற்றித்தான் கேட்கிறோம்.

இதற்குத் தில்லியில் பதில் இல்லையென்றால் துடியலூர் வழியாகவே ஒரு பதில் போய்க்கொண்டிருக்கிறது. இந்த ஊர் ஸ்டேஷனைத் தாண்டுகிற தண்டவாளம் மேட்டுப்பாளையத்தில் முடிகிறது. அங்கிருந்து பல்சக்கரம் பிடித்துக் குன்னூர் ஏறுகிற எக்ஸ் வகை நீராவி என்ஜின்களை முதலில் செய்து கொடுத்தது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலை. அவற்றில் சிலவற்றை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றினார்கள். அது போதாமல், திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டில் அதே வகையைப் புதிதாகவே கட்டிக் கொடுத்தது. எரிபொருள் மாறியது, சில என்ஜின்கள் முழுக்கப் புதுசு. ஆனாலும் இந்த மலை ரயிலுக்கு 2005-இல் யுனெஸ்கோ தந்த உலகப் பாரம்பரியப் பட்டத்தை யாரும் திரும்பக் கேட்கவில்லை. நிறுத்தி வைத்த என்ஜினுக்குப் பட்டம் எதற்கு என்று பக்கத்து அமைச்சகத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே அரசாங்கம், ரயிலுக்கு ஒரு ஞாயம், காருக்கு ஒரு ஞாயம்.

என்ஜின் ஏன் இந்தக் கதிக்கு வந்தது என்றும் கேட்க வேண்டுமல்லவா? வயது ஒரு காரணம், எரிபொருள் இன்னொன்று. பத்மினி காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது, அதுவே வால்வு சீட்டுக்கும் பாதுகாப்பாக இருந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். நல்ல முடிவு, குழந்தைகளின் மூளையைக் காப்பாற்றிய முடிவு. அதில் பிணக்கு இல்லை. சீட்டை மாற்றிக்கொண்டால் போயிற்று. அடுத்து எத்தனால் வந்தது. இருபது சதவீதக் கலப்பு இலக்கை 2025-லேயே எட்டிவிட்டோம் என்று அரசு பெருமைப்பட்டுக்கொண்டது. பெட்ரோலியத் துறையே அந்த ஆண்டு ஆகஸ்டில், சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு அதிகமில்லை என்று ஒப்புக்கொண்டது. இந்த அறிவுரை எழுதப்படும்போது 1978-ஆம் ஆண்டு பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் யார் நினைவிலும் இருந்திருக்காது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும். கார்புரேட்டர் அதற்கேற்ப டியூன் செய்யப்படாததால் கலவை மெலிந்து என்ஜின் சூடேறும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்துப் பத்து சதவீதக் கலப்புக்கு டியூன் செய்த கார்களுக்கே மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையும் என்று கணக்குப் போட்டது, பழைய வண்டிகளுக்காகப் பத்து சதவீதம் கலந்த இ10 பெட்ரோல் தொடர வேண்டும் என்றும் சொன்னது. பங்க்கில் சாதாரணமாகக் கிடைப்பதோ இ20தான். வயிற்றுக்கு ஒவ்வாத சோற்றைப் போட்டுவிட்டு, வைத்தியரிடம் போனால் வீட்டைவிட்டுத் தள்ளிவைப்பேன் என்றால் நோயாளி என்னதான் செய்வார்?

பழைய கார் காற்றைக் கெடுக்கிறது என்று தாங்கள் சொல்வீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. பெட்ரோல் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற புகை வரம்பு இந்தியாவில் 1991-இல்தான் வந்தது. பத்மினிக்குக் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் கிடையாது. புதுக் காரைவிடக் கிலோமீட்டருக்குப் பத்து மடங்கு புகை என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 500 கிலோமீட்டர் ஓடும் காரையும் 15,000 கிலோமீட்டர் ஓடும் காரையும் பக்கத்தில் நிறுத்தினால், பின்னது முப்பது மடங்கு ஓடுகிறது. ஆண்டு முடிவில் யார் அதிகம் கெடுத்தார் என்பதைத் தங்கள் அதிகாரிகளே பெருக்கிப் பார்க்கலாம். அதே பத்மினி தினமும் அவிநாசி சாலையில் ஆபீஸ் போய் வந்தால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். அப்படிப்பட்ட காருக்காக இங்கே வாதாடவில்லை. பாதுகாப்பு என்ற ஆட்சேபம் இன்னும் கனமானது. டிரம் பிரேக், ஏர்பேக் கிடையாது. இதற்கு முழுப் பதில் கிடையாது. ஓட்டும் தூரத்தையும் வேகத்தையும் குறைப்பதுதான் இருக்கிறது. எல்லாரும் தங்கள் ஓட்டை வண்டியைக் கிளாசிக் என்பார்கள் என்ற மூன்றாவது பயமும் உண்டு. சொல்லட்டுமே. ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று மீட்டரைப் பார்த்து எழுதிவிட்டால், தினசரி ஓட்டுகிறவர் தானாகவே விலகிக்கொள்வார்.

பிறகு ஏன் விற்றுத் தொலைக்கக் கூடாது? யாரிடம் என்பதுதான் கேள்வி. தங்கள் கழிவுக் கொள்கை, புது வண்டியின் ஷோரூம் விலையில் நான்கு முதல் ஆறு சதவீதம் பழசுக்குக் கிடைக்கலாம் என்றது. புதுக் கார் வாங்கினால் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை என்றது. புதுசு வாங்க நினைப்பவருக்கு நல்ல பேரம். ஆனால் அழிக்கப்படுவது, எந்தத் தெருமுனைக் கடையிலும் பழுதுபார்க்க முடிகிற ஒரு பொருள். அதன் இடத்துக்கு வருவது, சென்சார் ஒன்று கெட்டால் பெட்டியோடு மாற்ற வேண்டிய பொருள். சேகரிப்பாளரிடம் விற்கலாமென்றால் அவரும் ஐம்பதாவது பிறந்தநாளுக்குத்தான் காத்திருக்கிறார், அதுவரை விலையை இறக்கித்தான் கேட்பார். கல்யாணத்துக்கோ சினிமாவுக்கோ வாடகைக்கு விட்டு என்ஜின் செலவைத் தேற்றலாமென்றால், வின்டேஜ் பதிவில் வணிகப் பயன்பாடு கூடாது. இந்த ஊருக்கு இந்தச் சங்கடம் புதிதில்லை. ஜி.டி. நாயுடு 1950-களில் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு சின்னக் கார் செய்ய முனைந்தார், லைசென்ஸ் கிடைக்கவில்லை என்பது கோவையில் ஊரறிந்த கதை. அன்று புதுக் காரைச் செய்ய விடவில்லை, இன்று பழைய காரைச் சரிசெய்ய விடவில்லை. இடையில் அவிநாசி சாலையில் கார் மியூசியம் திறந்தது. நாங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்துக்கொள்கிறோம்.

ஆகவே ஐயா, போர் அடிப்பதும் லைனர் இறக்குவதும் வால்வு சீட் மாற்றுவதும் என்ஜின் மாற்றமாகாது என்று ஒரு விளக்க ஆணை வேண்டும். வயதுக்குப் பதிலாகப் புகைச் சான்றும் ஓடிய தூரமும் கட்டணத்தைத் தீர்மானிக்கட்டும். மேட்டுப்பாளையம் சாலையில் ஒரே ஒரு பங்க்கிலாவது இ10 கிடைக்கட்டும். விலை கூட இருந்தாலும் பரவாயில்லைங்க. எதுவுமே முடியாதென்றால், முடியாது என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். பழைய இரும்பு விலை இறங்குவதற்குள் விற்றுவிடலாம்.

இப்படிக்கு,
பிளாக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்போர் சார்பில்,
துடியலூர்.