சீட்டு வாங்கிப் பார்க்கும் திண்ணை

திண்ணையை இடிப்பதில் நமக்குள்ள வேகம், அதையே சீட்டு வாங்கிப் பார்ப்பதிலும் குறைவதில்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், பழைய வீடுகளைத் தூண் தூணாகப் பிரித்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டுத் தூணில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு, துணி காயும் பால்கனிக்குத் திரும்புகிறோம். இல்லையென்றால் அந்தத் தூண் விறகாகியிருக்குமே என்பார்கள். நியாயம்தான், ஊரில் ஏன் அது விறகாகிறது என்பதல்லவா கேள்வி? இடித்துவிட்டு வேடிக்கை பார்ப்பது வீட்டோடு நிற்பதில்லை; சென்னைப் பள்ளிக்கரணையில் அது இன்னும் வசதி. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் அது. அதில் ஒரு பங்கைப் பெருங்குடிக் குப்பைமேடு முன்பே தின்றுவிட்டது. அங்கே வீடு கட்டலாமா என்றால், ஜனங்கள் குடியிருக்க இடம் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். மழைத் தண்ணீரும் அதையேதான் கேட்கிறது, வாசற்படி ஏறிவந்து. இடநெருக்கடி தெரிந்துதானோ என்னவோ, அங்கே பூநாரை ஒற்றைக்காலில் நிற்கிறது.