எல்விஸ் இசையில் தேய்ந்தது எது?

கேள்வி: எல்விஸ் பிரெஸ்லியின் தொடக்கக் காலப் பாடல்களே பிற்காலத்தவற்றைவிடச் சிறந்தவை என்பது சரியா?

பதில்: பெரும்பாலும் சரியே. 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரின் சன் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஸ்காட்டி மூரின் மின்கிதாரும் பில் பிளாக்கின் பேஸும் துணைநிற்க, டிரம்ஸ் இல்லாமலேயே 19 வயது எல்விஸ் பாடிய முதல் இசைத்தட்டில், கறுப்பினத்தாரின் புளூஸும் வெள்ளையரின் கிராமிய இசையும் ஒரே மூச்சில் கலந்தன; பாடிய ஒலியை நொடியின் சிறு பகுதி தாமதித்துத் திருப்பித் தரும் 'ஸ்லாப்பேக்' எதிரொலி அதற்குத் தனித் துடிப்பைக் கொடுத்தது. ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்துக்கு மாறிய பிறகும் சில ஆண்டுகள் அந்த வேகம் நீடித்தது. ஆனால் 1960களில் அவர் 27 திரைப்படங்களில் நடித்தபோது, பதிப்புரிமையில், அதாவது பாடல் ஈட்டும் வருவாயில், அவர் தரப்புக்குப் பங்குதர இசைந்தவர்களின் பாடல்களே பெரிதும் அவரிடம் வந்துசேர்ந்தன; அதனால் தேய்ந்தது பாடல்களின் தரமேயன்றிக் குரலன்று. 1969இல் மெம்பிஸுக்குத் திரும்பி, நல்ல பாடல்களைத் தேர்ந்து அவர் பதிவுசெய்தவையே இதற்குச் சான்று. புதிதாகக் கேட்கத் தொடங்கும் வாசகர், 1954இல் தொடங்கி, திரைப்படப் பாடல்களைத் தாண்டி, நேரே 1969க்குச் சென்றால் இழப்பு மிகக் குறைவு.