மாவு, மழை, மடிக்கணினி: மும்பைத் தமிழர் வீட்டுத் தொழில்களில் ‘போதும்’ என்று சொல்வது யார் என்பது குறித்த ஓர் ஆய்வு

வீட்டிலிருந்தே சொந்தத் தொழில் செய்வோருக்கான வழிகாட்டி நூல்கள் விடியற்காலை எழுவதில் ஆரம்பித்து முதலீட்டில் முடியும். கடையை எப்போது சாத்துவது என்ற கேள்வியை அவை தொடுவதில்லை. கடையே இல்லாதவருக்குச் சாத்தக் கதவு ஏது என்று விட்டிருக்கலாம். இக்குறையைப் போக்கும் பொருட்டு தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று களங்களில் இவ்வாய்வு நிகழ்த்தப்பட்டது. நிதி நல்கியோர் எவருமிலர். சிற்றுண்டி நல்கியோர் உளர்.

கருதுகோள் வருமாறு: வீட்டுத் தொழில் நீடிப்பதற்குத் தொழில் செய்பவரின் ஒழுக்கம் காரணமன்று. ‘இன்னைக்கு இது போதும்’ என்று சொல்ல அவருக்கு வெளியே ஏதேனும் ஒன்று இருக்கிறதா என்பதே காரணம்.

ஆய்வுச் சட்டகமாகத் தொல்காப்பியரின் திணைக் கோட்பாடு கொள்ளப்பட்டது. மேலைநாட்டுச் சட்டகங்களையும் பார்த்தோம். அவற்றில் இட்லிக்கு இடமில்லை.

முதற்களம் தாராவி. திணை மருதம். அங்கே வயல் ஏது என்ற ஆட்சேபம் எழும். வயல் இல்லை, வைகறை இருக்கிறது. மருதத்துக்கு உரிய சிறுபொழுது அதுதான். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் பகலில் அரிசியும் உளுந்தும் ஊறவைத்து ஆட்டி, இரவில் பொங்கவிட்டு, ஊர் உறங்கும் நேரத்தில் அவித்து எடுக்கின்றன. வெளிச்சம் வந்ததும் அலுமினியப் பாத்திரம் சைக்கிள் கேரியரில் ஏறுகிறது. கருப்பொருள்களாவன: கிரைண்டர், இட்லித் துணி, சட்னி வாளி, சைக்கிள். ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை வேண்டுமே என்றால், கைப்பிடியில் தொங்கும் ரப்பர் ஹாரன் இருக்கிறது. அதன் ‘பாம் பாம்’ ஒலிக்குச் சயானிலும் குர்லாவிலும் ஜன்னல்கள் திறக்கும். உரிப்பொருளும் பிசகவில்லை. ஒருநாள் ஹாரன் கேட்கவில்லையென்றால் மூன்றாம் மாடிக்காரர் ஊடல் கொண்டு இரண்டு நாள் எதிர் வண்டியில் போஹா தின்பார். மூன்றாம் நாள் ஊடல் தீரும். பரத்தையர் வீதிக்குப் பதில் போஹா வண்டி என்பதன்றி இலக்கணம் மாறவில்லை.

இட்லி தமிழர் பண்டமா, பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையில் ‘இட்டலிகெ’ வருகிறதே என்ற வழக்குக்குள் இவ்வாய்வு புகாது. காலை ஏழரைக்குச் சயானில் அதைக் கேட்பாரும் இல்லை.

இத்தொழிலின் உண்மையான மேலாளர் யார் என்பது 1965-இலேயே முடிவாகிவிட்டது. முகர்ஜி, ஸ்டைன்கிராஸ் முதலியோர் அமெரிக்க நுண்ணுயிரியல் இதழொன்றில் எழுதிய கட்டுரையின்படி, இட்லி மாவைப் பொங்கவைப்பது லியூக்கோனாஸ்டாக் மெசன்டிராய்டஸ் என்னும் நுண்ணுயிரி. வேலைக்கு மனுப் போடாமல் உளுந்தோடும் அரிசியோடும் தானே வந்து சேர்கிறது. இரவு வேலைக்குப் படி கேட்பதில்லை. மே மாதத்தில் துள்ளும். மும்பைக்காரர்கள் இருபது டிகிரிக்கே ஸ்வெட்டர் எடுக்கும் ஜனவரியில் மந்தமாகும். முதலாளி எவ்வளவு துடித்தாலும் அதன் வேகம்தான் தொழிலின் வேகம்.

களப்பணியில் ஓர் அண்ணாச்சியிடம், நாளை காலைக்கு நூறு இட்லி கூடுதலாகக் கிடைக்குமா என்று கேட்கப்பட்டது. அப்போது இரவு மணி எட்டு.

“அரைச்சாச்சுல்லா. இனி எங்கிட்டிருந்து வரும்?”

இந்த விடை நுணுகி நோக்கத்தக்கது. அவர் வருந்தவில்லை, முயற்சி செய்வதாகச் சொல்லவில்லை, ‘முடியாது’ என்ற சொல்லைக்கூடத் தொடவில்லை. மறுத்தது மாவு, அவர் செய்தி சொன்னார், அவ்வளவே. மறுத்த குற்றவுணர்வு அவர் மேல் ஒட்டவேயில்லை. இன்னொரு வசதியும் உண்டு: இட்லிக்குத் திருத்தம் கிடையாது. வெந்த இட்லியைச் சற்றே இடப்பக்கம் நகர்த்தித் தரும்படி எவரும் கேட்டதில்லை.

இரண்டாங்களம் மாட்டுங்கா. திணை முல்லை. கோடையில் வடாமும் வற்றலும், மற்ற நாளில் பொடி வகைகளும் செய்து தரும் மாமி இங்கே தலைவி. முல்லையின் பெரும்பொழுது கார், உரிப்பொருள் காத்திருத்தல். சங்கத் தலைவி கார் வரட்டும் என்று காத்திருப்பாள். மாமி அது வந்துவிடக்கூடாதே என்று காத்திருக்கிறார். வானிலைத் துறைக் கணக்குப்படி மும்பைக்குப் பருவமழை வரும் நாள் ஜூன் 11. அரசுக்கு மார்ச் 31 எப்படியோ, மாமிக்கு அந்தத் தேதி அப்படி. “மழைக்கு முன்னாடி சொல்லியிருக்கப்படாதோ?” என்ற ஒரே வாக்கியத்தில் ஆர்டர் புத்தகம் மூடப்படும். (விலை கேட்டால் “என்னமோ போட்டுக் குடுங்கோ” என்பார். குறைத்துக் கொடுத்தவருக்கு அடுத்த கோடையில் வடாம் தீர்ந்திருக்கும். இந்த விலைக் கொள்கை தனி ஆய்வுக்குரியது.)

நேர்மையான ஆய்வாளன் எதிர்ச்சான்றை மறைக்கலாகாது. 1959 மார்ச் 15 அன்று கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுவே லிஜ்ஜத் அப்பளம். முதலாண்டு மழையில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் தொழில் நின்றது. நம் கருதுகோள்படி அங்கே அவர்கள் ஓய்ந்திருக்க வேண்டும். மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கி, கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பை எரித்தார்கள். மழையின் ஆணை ரத்தாயிற்று; தொழில் இந்தியா முழுக்கப் பரவிற்று. ஆயினும் கருதுகோள் முற்றாகச் சாகவில்லை. பிசைந்த மாவை வாங்கிப்போய் வீட்டில் இட்டு, காய்ந்த அப்பளத்தைக் கொண்டுவந்து கொடுப்பதே அங்கே முறை. வாங்கிய மாவு தீர்ந்தால் அன்றைய வேலை தீர்ந்தது. மழையை விரட்டியவர்களும் மாவை விரட்டவில்லை.

மூன்றாங்களம் செம்பூர். திணை பாலை. பாலைக்குத் தனி நிலம் கிடையாது. பிற நிலம் தன் இயல்பு திரிந்தால் அது பாலை என்பார் இளங்கோ. சாப்பாட்டு மேசை இயல்பு திரிந்து அலுவலகமாவதை அவர் முன்பே கண்டிருக்கிறார். அம்மேசையில் அமர்ந்து கம்பெனிகளுக்கு லோகோவும் விளம்பரமும் வரைந்து தரும் என் அக்கா மகன் இங்கே தலைவன். இவனை நிறுத்த எதுவுமில்லை. மடிக்கணினி புளிப்பதில்லை, மழையில் நமப்பதில்லை. இரவு பதினொன்றுக்கு வாடிக்கையாளர் “சின்ன கரெக்‌ஷன்தான்” என்று செய்தி அனுப்புவார். சின்ன கரெக்‌ஷனின் அளவு இதுவரை எந்த அறிவியலாலும் வரையறுக்கப்படவில்லை. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘இதுதான் ஃபைனல்’ என்ற பெயர்களில் கோப்புகள் பெருகும். தட்டோடு நிற்கும் அக்கா, “சாப்பிட எடத்த விடேன்டா” என்பாள். மும்பையில் மின்வெட்டும் அரிது என்பது இவ்வகைத் தொழிலாளருக்கு இந்நகரம் இழைத்த பெருங்கேடு. 2020 அக்டோபர் 12 காலை பத்து மணியளவில் மின்தொகுப்பு பழுதாகி நகரமே நின்றது. ரயிலில் சிக்கியவர்கள் சபித்தார்கள். கொரோனா காலமாதலால் வீட்டிலிருந்த என் தலைவன் மட்டும் குற்றவுணர்வின்றித் தூங்கினான்.

கண்டறிந்ததைச் சோதித்துப் பார்க்க வேண்டுமல்லவா? நுண்ணுயிரி மேலாளரைப் பாலைக்கு மாற்றுவதென்று முடிவாயிற்று. தினமும் பிற்பகலில் ஒரு கிண்ணம் மாவு மடிக்கணினிக்கு அருகே வைக்கப்படும். மாவு பொங்கி விளிம்பைத் தொட்டதும் கணினியை மூடிவிட வேண்டும். மே மாதமாதலால் மாவு ஒத்துழைத்தது. இரவு வந்த கரெக்‌ஷனுக்கு அவன், “மாவு பொங்கிடுச்சு சார், இனி நாளைக்குத்தான்” என்று பதில் போட்டான். காட்கோபர் வாடிக்கையாளர் திகைத்து, விசாரித்து, கடைசியில் அரை கிலோ கிடைக்குமா என்று கேட்டார். கொடுத்தனுப்பினான்.

மறுநாள் இரவு பதினொன்றுக்குச் செய்தி வந்தது: மாவு நன்றாக இருந்தது, புளிப்பு மட்டும் ஒரு பொடி தூக்கல்; சின்ன கரெக்‌ஷன்தான்.