கையகலம் தண்ணீர்

நான் வல்வெட்டித்துறைக்காரன். எங்கள் ஊரவர் இருவர் எந்த நாட்டில் சந்தித்தாலும் பத்தாவது நிமிடத்தில் 'அன்னபூரணி' பேச்சுக்குள் வந்துவிடும். எங்களூர் ஓடாவிமார் கட்டிய 89 அடிப் பாய்க்கப்பல் அது. ஓர் அமெரிக்கர் வாங்கிப் பெயரை மாற்றினார். எங்கள் ஆட்களே அதைச் செலுத்திப்போய் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இந்தப் பெருமையில் எனக்கு ஒரு சதமும் பங்கில்லை. தாய்மாமன் ஒருவர் ஓடாவி, அவ்வளவுதான். நான் ஜெர்மனிக்கு வந்து, ஹம் நகரத்துப் பேக்கரி ஒன்றில் முப்பது வருடம் மாவு குழைத்தவன்.

ஆனாலும் இரத்தம் சும்மா கிடக்குமா? 15 குதிரைவலு வரையுள்ள எஞ்சினுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2012 இல் இங்கே சட்டத்தைத் தளர்த்தி வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற கையோடு, 400 யூரோவுக்கு நாலு மீட்டர் ஃபைபர் படகு ஒன்றை ட்ரெய்லரோடு வாங்கிவிட்டேன். எங்கள் ஹம் கோவில் காமாட்சி அம்பாள் தீர்த்தமாடுகிற அதே டாட்டெல்ன்-ஹம் கால்வாயில், அடுத்த திருவிழாவுக்கு முதல் படகு விடுவதாக வீட்டிலும் வாயை விட்டாயிற்று.

"தரை கொஞ்சம் மெத்தென்று இருக்கும்" என்றார் விற்றவர். சொகுசைச் சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஏறி நின்றபோது வலது கால் கணுக்கால் வரை உள்ளே போனது. காலை இழுத்தேன், தண்ணீரும் கூட வந்தது.

ஜெர்மன் படகுக்காரர்கள் ஒருவரையொருவர் வாழ்த்தும்போது, 'உன் ஏராவுக்குக் கீழே எப்போதும் ஒரு கையகலம் தண்ணீர் இருக்கட்டும்' என்பார்கள். என் படகில் அந்தக் கையகலம் ஏராவுக்கு மேலே, தரைக்குக் கீழே, நிரந்தரமாகக் குடியிருந்தது.

தரையை வெட்டித் திறந்தேன். ஒட்டுப்பலகை குழம்பு ஊற்றிய புட்டுப் போல கையோடு வந்தது. அதற்கடியில் மிதப்புக்காக அடைத்த நுரை, மிதப்பை மறந்து தண்ணீர் குடித்துக் கல்லாய்க் கனத்தது. படகின் நீளத்துக்கு ஓடிய கட்டைகளில் கண்ணாடியிழைத் தோல் மட்டும் மிச்சம். உள்ளே இருந்த மரம் உக்கிக் கறுப்புச் சகதியாகிவிட்டிருந்தது.

இத்தனைக்கும் காரணம் ஆறு திருகாணிகள். முந்தைய சொந்தக்காரர் யாரோ கதிரை பூட்டவென்று தரையில் ஓட்டை போட்டிருக்கிறார், ஓட்டையைப் பிசினால் அடைக்கவில்லை. மழைத்தண்ணீர் உள்ளே போக ஆறு வழி, வெளியே வர ஒன்றுமில்லை. இதில் உப்புத்தண்ணீரை விட மழைத்தண்ணீர்தான் பொல்லாதது. உப்பில் மரம் ஊறும், நல்ல தண்ணீரில் உக்கும். எங்கள் கட்டுமரத்துக்கு இந்த வில்லங்கமே இல்லை. தரை இருந்தால்தானே உக்குவதற்கு! கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட்டுவிடுவார்கள். ஜெர்மன்காரன் 'கட்டமரான்' என்று பெயரை மட்டும் எடுத்துக்கொண்டான், அவிழ்த்துக் காயவைக்கிற பகுதியை விட்டுவிட்டான்.

வேலிக்கு அப்பால் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்து வீட்டுக் கிழவர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். ஹம்மின் கடைசிச் சுரங்கம் 2010 இல் மூடியபோது மேலே வந்த ஆள். நான் உக்கிய கட்டைகளை வாளால் அறுக்கப் போனதும் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"முட்டுக் கொடுக்காமல் தொடாதே! தரை என்றா நினைக்கிறாய்? தலைகீழாகப் பார். இது கூரை."

சொன்னது சரிதான். தரை நாம் நிற்பதற்கு மட்டும் இல்லை. அதுவும் நெடுக்குக் கட்டைகளும் அடிப்பகுதியும் ஒட்டிப் பெட்டி போலாகும்போதுதான் மெல்லிய ஓட்டுக்கு விறைப்பு வருகிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் ஓடு தொய்ந்து, தொய்ந்த வடிவத்திலேயே புதுத் தரை ஒட்டிக்கொள்ளும். கிழவர் அடியில் பதினொரு மரக்குற்றிகளை ஆப்பு வைத்து இறுக்கினார். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நிற்கிற முகபாவத்தோடு.

பழைய இழையை அரைத்தெடுத்த வாரம் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. முகமூடி நுரையீரலைக் காப்பாற்றியது. மற்ற இடங்களுக்கெல்லாம் அந்தத் தூசி காஞ்சோன்றி. என் உடுப்பைத் தன் வாஷிங் மெஷின் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டா.

பிறகு பிசின். பாலியெஸ்டர் மலிவு, ஆனால் பழைய ஓட்டில் எபோக்சிதான் நன்றாகப் பிடிக்கும் என்று அதை வாங்கினேன். கண்ணாடியிழைப் பாயை மட்டும் மலிவாக வாங்கினேன். அந்தப் பாயின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கிற பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையுமாம். எபோக்சியில் அது மூலைக்கு மூலை பாதி பொரித்த அப்பளம் மாதிரி விறைத்து எழும்பி நின்றது. உரித்து எறிந்துவிட்டு, பசையில்லாமல் நெய்து தைத்த துணியை இரட்டை விலைக்கு வாங்கினேன்.

குழைப்பதிலாவது பேக்கரிக்காரன் தோற்கமாட்டான் என்று நம்பினேன். துருக்கிக் கடைத் தயிர் வாளி தெரியும்தானே, ஜெர்மனியில் எந்தத் தமிழ் வீட்டிலும் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பது? அதில் ஒன்று நிறையப் பிசினும் கடினமாக்கியும் கலந்தேன். மாவு என்றால் மொத்தமாகக் குழைப்பதுதான் மரியாதை. எபோக்சிக்கு அப்படியில்லை. இறுகும்போது சூடு வரும், ஆழமான பாத்திரத்தில் அந்தச் சூடு வெளியேறாமல் இறுகுவதை இன்னும் விரைவாக்கும். பத்து நிமிடத்தில் வாளி புகைந்து, உருகி, பக்கம் சாய்ந்தது. அதற்குப் பிறகு தட்டையான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக.

ஒக்டோபர் வந்தது. குளிரில் எபோக்சி இறுகாது. கட்டிலில் கிடந்த மின்சாரக் கம்பளத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"இஞ்சேருங்கோ, போன மாரியிலை எனக்கு முதுகு நோகுது எண்டு கேட்டதுக்குக் கரண்ட் செலவு எண்டியள். இப்ப படகுக்குக் குளிருதோ?"

டொரொண்டோவிலிருந்து மைத்துனர் போன் எடுத்தார். "மச்சான், அன்னபூரணி அமெரிக்கா மட்டும் போனது. உன்ரை கப்பல் எவ்வளவு தூரம் போச்சு?"

"கராஜிலையிருந்து வாசல் மட்டும். ஆறு மீட்டர்."

திருவிழாவும் வந்து போனது. அம்மன் தீர்த்தமாடித் திரும்பினா, நான் கரையில் நின்று கும்பிட்டேன். ஒருவழியாக ஒரு சனிக்கிழமை மாலை கடைசிப் பூச்சும் காய்ந்து தரை பளபளத்தது. கட்டைகளில் தண்ணீர் ஓட வழி, பின்பக்கத்தில் அடைப்பான், ஒரு திருகாணி ஓட்டையும் இல்லை. கிழவர் ஏறி முழங்காலிட்டு, விரல் கணுவால் அங்குலம் அங்குலமாகத் தட்டினார். சுரங்கத்தில் கூரைப்பாறையை இப்படித்தான் தட்டிக் கேட்பார்களாம். அணியத்துப் பக்கம் ஓரிடத்தில் சத்தம் மாறியது. பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தோசை அளவுக்கு வட்டம் போட்டார். "ஒட்டவில்லை. உள்ளே காற்று."

அரைக்கும் மெஷினைத் தூக்கினேன். நேரத்தைக் காட்டினார். இருட்டிவிட்டது, நாளைக்கு ஞாயிறு. ஜெர்மனியில் ஞாயிறன்று அந்தச் சத்தம் எழுப்பினால் பொலிஸ்தான் வரும்.

தேநீர் கொண்டுவந்த மனைவி படகுக்குள் எட்டிப் பார்த்தா. தேங்காய் தட்டிப் பார்க்கிற கையால் வட்டத்தை ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு தட்டு, இன்னும் ஒரு முழம் தள்ளி ஒரு தட்டு.

"உங்கையும் ஒண்டு கிடக்கு" என்றா.

கிழவருக்குத் தமிழ் தெரியாது. சுண்ணாம்புக் கட்டியை அவவிடம் நீட்டினார்.