ஸ்டார்ட் பட்டனின் இடப்பெயர்ச்சியும் பல்கலைக்கழகத்தாரை அதற்கு ஆயத்தப்படுத்தும் முறைமையும்: ஓர் ஆய்வு

ஆய்வு நோக்கம்

சனிப்பெயர்ச்சிக்கும் குருப்பெயர்ச்சிக்கும் மாதக்கணக்கில் முன்னதாகவே பலன் பார்த்துப் பரிகாரம் முடிப்பது நம்மவர் வழக்கம். கணினியில் இயங்குதளம் பெயர்ச்சியாகும்போது மட்டும் அத்தகைய முன்னேற்பாடு காணப்படாமை ஆராயத்தக்கது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தேதி ஊரறிந்ததுதான். பல்கலைக்கழக அலுவலகத்துக்கு அது தெரியவந்தது, திரையில் ஓர் எச்சரிக்கை எழுந்த அன்று. அதையும் பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிட்டனர்.

ஆய்வு எல்லை

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிர்வாகக் கட்டடமும், அதை ஒட்டிய ஓர் ஆய்வகமும் களமாகக் கொள்ளப்பட்டன. கணினி அறிவியல் துறை விலக்கப்பட்டது. அங்குள்ளோர் ஆளுக்கொரு லினக்ஸ் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் திருத்திவருவதால், பிறர் ஆயத்தப்படுத்த இடமில்லை.

கருதுகோள்

பயனர், திரையில் உள்ளதை அது இருக்கும் இடத்தை வைத்தே அறிகிறார். பெயரும் படமும் நிறமும் துணைச் சான்றுகளே.

வரலாற்றுப் பின்புலம்

1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95, ஸ்டார்ட் பட்டனைத் திரையின் கீழ் இடமூலையில் குடியமர்த்தியது. 2012-இல் விண்டோஸ் 8 அதை நீக்கிப் பார்த்தது. எழுந்த கூக்குரலில் மறு ஆண்டே 8.1 பதிப்பில் பட்டன் பழைய மூலைக்குத் திரும்பியது. 2021-இல் விண்டோஸ் 11 அதை நடுவுக்கு நகர்த்தியது. நீக்கிப் பார்த்து முடியாததை நகர்த்திப் பார்த்தனர் என்க.

பயிற்சி வரலாற்றில் நினைக்கத்தக்கது சொலிடேர் சீட்டாட்டம். 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் வந்த இது, மௌசால் பிடித்து இழுத்து விடுவதை உலகுக்குப் பழக்கியது என்பர். வருகைப்பதிவும் சமோசாவும் சான்றிதழும் இன்றி வெற்றிபெற்ற கணினிப் பயிற்சி வேறொன்று இல்லை.

களத்தரவு

தேர்வுப் பிரிவின் மேசை ஒன்று நுணுகி நோக்கப்பட்டது. மானிட்டர் நெற்றியில் சென்ற ஆயுதபூஜையின் சந்தனப்பொட்டு. கீபோர்டுக்கு அடியில் பாஸ்வேர்டு எழுதிய துண்டுச்சீட்டு. திரையில் முருகன். வேலுக்கு வலப்பக்கம் ஒரு ஃபோல்டர். அதனுள் ‘மார்க் லிஸ்ட் ஃபைனல்’, ‘மார்க் லிஸ்ட் ஃபைனல் புதுசு’, ‘மார்க் லிஸ்ட் ஃபைனல் இதுதான்’.

“மேடம், அந்த ஃபைல் எங்கே இருக்கு?”

“வேலுக்குப் பக்கத்துல இருக்கு சார்.”

புது இயங்குதளம் ஏற்றி, கோப்புகள் அனைத்தும் திரும்ப வைக்கப்பட்டன. முருகன் இருந்த இடத்தில் நீலப்பூ ஒன்று விரிந்திருந்தது. “எல்லாம் போச்சு” என்று எழுத்துமூலம் புகார் வந்தது. சரிபார்த்ததில் ஒரு கோப்புகூடப் போகவில்லை. போனவர் முருகன் ஒருவரே. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

பயனர் வகைப்பாடு

இடவழிப் பயனர்: மேலே கண்டோம்.

ஆள்வழிப் பயனர்: கணினியை அறியார், அறிந்த ஒருவரை அறிவார். சூப்பிரண்டு நிலையில் மிகுதி. “தம்பி, இதக் கொஞ்சம் பாருப்பா” என்பதே இவர் அறிந்த ஒரே கட்டளை. ஆகவே பயிற்சி தரவேண்டியது தம்பிக்கு. தம்பியோ ஒப்பந்த ஊழியர். மார்ச் 31-உடன் ஒப்பந்தம் முடிகிறது.

கருவிவழிப் பயனர்: ஆய்வகத்தார். பல இலட்சம் பெறும் கருவியின் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டது. கணினிமேல் ‘யாரும் தொடக் கூடாது’ என்ற தாள் ஒட்டப்பட்டுள்ளது. நெட்வொர்க் கேபிளை உருவிவிட்டு வணங்கி விலகுவதே முறை.

ஆயத்த முறைகள்

ஒன்று, சுற்றறிக்கை. அனைவரும் ‘பார்த்தேன்’ என்று கையொப்பமிட்டனர். எதைப் பார்த்தனர் என்பது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது.

இரண்டு, தகுதிச் சோதனை. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி ஆகியன வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசர். பல கணினிகளில் டிபிஎம் உள்ளே இருந்தும் பயாஸில் அணைக்கப்பட்டிருந்தது. தகுதி உள்ளேயே இருந்தும் ஒதுக்கி வைக்கப்படுதல் பல்கலைக்கழகத்துக்குப் புதிதன்று.

மூன்று, நிதி. தேறாத கணினிகளுக்குக் கல்வி நிறுவனங்கள் கட்டணம் செலுத்திப் பாதுகாப்பை நீட்டிக்கலாம்: கணினி ஒன்றுக்கு முதலாண்டு 1 டாலர், அடுத்து 2, பின்பு 4. தொகை சிறிது. அதை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது, எந்த நாளின் டாலர் மதிப்பைக் கொள்வது என்ற குறிப்புகளுடன் கோப்பு மேசை மேசையாக நகர்கிறது. இதுவரை செலவான தாளின் விலை டாலரைத் தாண்டியிருக்கும்.

நான்கு, எழுத்துரு. அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. அலுவலகத்தின் பழைய கோப்புகளோ வானவில்லில் உள்ளன. புதுக் கணினியில் அவ்வெழுத்துரு இல்லாமையால், வரவேற்புரை ஒன்று ஆங்கில எழுத்தும் குறியீடுமாய்த் திறந்தது. பொருள் முன்பைவிடக் குறைந்ததாகத் தெரியவில்லை என்று கேட்டோர் கூறினர்.

முடிவும் பரிந்துரையும்

பயிற்சிக் கூட்டத்தின் இறுதியில் ஐயங்கள் கேட்கப்பட்டன. எழுந்த ஐயம் ஒன்றே: “பட்டனைப் பழையபடி ஓரத்துக்குக் கொண்டுவர முடியுமா?” டாஸ்க்பார் அமைப்பில் அதை இடப்புறமாக்கும் வசதி உண்டு. மாற்றிக் காட்டியதும் கைதட்டல் எழுந்தது, கூட்டம் கலைந்தது.

இதனால் பெறப்படுவது: ஆயத்தப்படுத்த வேண்டியது இயங்குதளத்தையே. 2013-இல் மைக்ரோசாப்டே இணங்கிப்போனதால் இதற்கு முன்னுதாரணமும் உண்டு. முதலில் முருகன், அடுத்து வானவில், அதன்பின் ஸ்டார்ட் பட்டன் என்ற வரிசையில் பழையன யாவற்றையும் பழைய இடத்தில் நிறுத்திய பின்னரே கணினியை மேசைக்கு அனுப்புக. அவ்வாறு செய்தால் இயங்குதளம் மாறியதை எவருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. தணிக்கையில் கேட்டால், ‘பார்த்தேன்’ என்ற கையொப்பங்கள் கோப்பில் உள்ளன.