மூன்றாமவர்

எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் ஜெமினி என்போம். அந்த வரிசையை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அறுபதுகளின் கடைசியில் பல்லாவரத்தில் அரை டிராயரோடு திரிந்த எந்தப் பையனைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான். உங்கள் ஊரிலும் வேறு மாதிரி இருந்திருக்காது. திரிசூலம் பக்கத்துக் குவாரிகளில் கல் உடைத்துவிட்டு வருகிறவர்களும், குரோம்பேட்டைக்குப் பெயர் வாங்கித் தந்த குரோம் லெதர் கம்பெனியில் வேலை முடித்து வருகிறவர்களும் வாத்தியார் எம்.ஜி.ஆர். கட்சி. சீசன் டிக்கெட்டில் பீச்சுக்குப் போய்வந்த ஆபீஸ்காரர்கள் பெரும்பாலும் சிவாஜி கட்சி. இரண்டு கட்சியும் சந்தித்துக்கொள்ளும் இடம் ஜி.எஸ்.டி. ரோட்டோரத்து சலூன். முடி வெட்டிக்கொள்ள வந்தவர் ஒருவர் என்றால் தினத்தந்தி படிக்க வந்தவர் ஐந்து பேர் என்று எப்போதும் நிறைந்து கிடக்கும் அந்தச் சின்ன அறையில், நான் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, என் முறை வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தக் காலத்து வாதத்துக்கு ஒரு சிரமம் உண்டு, அதுவே அதன் சுகமும். படம் ஊரை விட்டுப் போய்விட்டால் போனதுதான். திரும்ப ஓட்டிக் காட்ட வழி கிடையாது. ஆகவே சிவாஜி எப்படி நடித்தார் என்று நிரூபிக்க வேண்டுமானால், பேசுகிறவர் எழுந்து நின்று நடித்துக் காட்டத்தான் வேண்டும். சர்வே ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், கழுத்தில் சலூன் துண்டோடு, பாதி வெட்டிய தலையோடு எழுந்து கட்டபொம்மனாக நின்று வரி கேட்டவனை விரட்டுவார். பதிலுக்குக் குவாரிக்காரர் மூக்கைச் சுண்டிவிட்டுக்கொண்டு, கையை வீசி, வாத்தியார் மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பார். இரண்டும் அச்சு அசலாக இருக்கும். ஜெமினியின் பேச்சு வந்தால் மட்டும் யாராலும் எழுந்திருக்க முடியாது. என்ன செய்து காட்டுவது? அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு கையசைப்பு இல்லை, ஒரு நடை இல்லை. அதனாலேயே அவர் எங்கள் சலூனில் எல்லா வழக்கிலும் தோற்றார். கத்தி பிடிக்கத் தெரியாது என்றார்கள். அழத் தெரியாது என்றார்கள். ஏ.எம்.ராஜாவும் பி.பி.ஸ்ரீநிவாஸும் பாதி வேலையைப் பாடி முடித்துவிடுகிறார்கள், இவர் சும்மா நின்றால் போதும் என்றார்கள். ‘சாம்பார்’ என்ற பட்டப்பெயரும் அங்கேதான் என் காதில் விழுந்தது.

அவருக்கும் ஒரு கட்சி இருந்தது. அது சலூனுக்கு வராத கட்சி. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பெரியம்மா ஒரு நாள் சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறது: “அவன் பக்கத்துல நின்னா எந்தப் பொண்ணும் நல்லா நடிப்பாடா. கவனிச்சுப் பாரு.”

கவனித்துப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 1955-ல் வந்த ‘மிஸ்ஸியம்மா’வில் பானுமதிக்குப் பதில் வந்து சேர்ந்தவர் சாவித்திரி, வேலைக்காகப் புருஷன் பெண்டாட்டியாக வேஷம் போடும் இருவரில் அவர் எரிந்து விழ எரிந்து விழ, ஜெமினி அதை வாங்கிக்கொண்டு நிற்கிற அழகில்தான் அந்தக் கோபம் நமக்கு இனிக்கிறது. 1963-ல் ‘கற்பகம்’, புதுமுகம் கே.ஆர்.விஜயாவை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. 1969-ல் பாலசந்தரின் ‘இரு கோடுகள்’. சௌகார் ஜானகி கலெக்டர், அவர் கீழே வேலை பார்க்கும் குமாஸ்தா ஜெமினி, அந்தக் கலெக்டர் அவருடைய முதல் மனைவி. கதாநாயகன் என்றால் பத்துப் பேரை அடித்து வீழ்த்த வேண்டும் என்றிருந்த நாளில், மனைவியின் மேஜைக்கு முன்னால் கூனிக் குறுகி நிற்க ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு நெஞ்சு வரும்? ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடிய போட்டி நடனமும், நடுவே வீரப்பா சொன்ன ஒற்றை வசனமும் ஊருக்கே மனப்பாடம், அதில் வாலிபன் யார் என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். அடுத்தவர் ஜொலிக்க இடம்விட்டு நிற்பதும் நடிப்புதான், கடினமான நடிப்பு என்பது என் தீர்மானம்.

ஆனால் ‘கல்யாணப் பரிசு’ ஒன்று போதும். 1959-ல் ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய படம். தங்கவேலுவின் பொய்களுக்குச் சிரித்து ஓய்ந்த கொட்டகை கடைசிக் காட்சியில் எப்படி அடங்கியது என்று தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள். ஜெமினியின் பாஸ்கர் தாயில்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அங்கே அவன் காதலி வசந்திக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. சிவாஜியாக இருந்தால் அந்த இடத்தில் நம் நெஞ்சைப் பிழிந்து எடுத்திருப்பார், அதுவும் மகத்தானதாகவே இருந்திருக்கும். ஜெமினி பிள்ளையைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டி நடந்து போகிறார். நமக்கு முகம்கூடத் தெரிவதில்லை. அந்த முதுகை எந்த சலூனில் யார் நடித்துக் காட்ட முடியும்?

எங்கள் பக்கத்துக்காரர் என்ற உரிமையும் எனக்கு உண்டு. புதுக்கோட்டையில் 1920-ல் பிறந்தவர், இங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷனான தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, அங்கேயே வேதியியல் சொல்லிக் கொடுத்து, 1947-ல் ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். வாய்ப்புத் தேடி வருகிறவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலை. மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் கல்லூரி மரங்கள் கண்ணில் படும்போதெல்லாம், இந்தப் பாதையில்தானே அவரும் போய்வந்திருப்பார் என்று எனக்குள் ஒரு பெருமை ஊறும். அந்த மீட்டர் கேஜ் போய்விட்டது. அகலப் பாதை ரயில் சீக்கிரமாகக் கொண்டுபோய் விடுகிறது, நல்லதுதான். ஆனால் பல்லாவரத்தில் தொடங்கிய சினிமாச் சண்டை எழும்பூர் வரை நீளும் சுகத்தையும் அது சேர்த்தே சுருட்டிக்கொண்டு போய்விட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் 2020-ல் மேம்பாலம் வந்தது. சந்தைக்கு மட்டும் இன்னும் வெள்ளிக்கிழமைதான். அங்கே பழைய சாமான் பரப்பியிருந்த ஒருவரிடம் ஒரு பாட்டுப் புத்தகம் கிடைத்தது: சாணித்தாள், ஓரம் பொடிந்து போனது, கதைச் சுருக்கம் நல்ல கட்டத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிகிறது. அந்த ஒரு வரிக்காகவே வாரக்கணக்கில் ஏங்கிக் கிடந்திருக்கிறோம். இப்போது மீதி, முழுசு, எல்லாமே சட்டைப்பையில் இருக்கிறது, ஏக்கம்தான் இல்லை.

கல்லூரியில் படிக்கும் என் பேத்திக்கு ஜெமினி என்றால், சாவித்திரியின் கதையாக 2018-ல் வந்த ‘நடிகையர் திலகம்’ படத்தில் துல்கர் சல்மான் போட்ட வேஷம். அந்தப் படம் அவரைக் காட்டிய விதத்தை அவர் குடும்பத்திலேயே ஏற்காதவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். பேத்தி என்னிடம் கேட்டது வேறு: “தாத்தா, அவர் நல்லவரா?” எங்கள் சலூனில் அத்தனை வருஷம் நடந்த சண்டையில் இந்தக் கேள்வி ஒரு தடவைகூட எழுந்ததில்லை, நன்றாக நடித்தாரா என்று மட்டுமே கேட்டோம். அவள் கேள்வியை நான் தள்ளவில்லை. அவர் மனைவியாகச் சாவித்திரி பட்ட துன்பம் சின்னதல்ல, அதைப் பற்றிக் கேட்க ஒரு தலைமுறை வந்ததில் எனக்கு நிம்மதிதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் என்னவாக இருந்தாலும், திரையில் அவர் செய்த காரியம் அதனால் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

‘மிஸ்ஸியம்மா’வை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். சாவித்திரியை விட்டு அவள் கண் எடுக்கவில்லை. “இவர் ஒண்ணுமே பண்ணலையே தாத்தா, சும்மா கேட்டுக்கிட்டே இருக்காரு” என்றாள். நான் பெரியம்மா கட்சிக்காக எழுந்து நின்று வாதாடினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ‘நான் அவனில்லை’: 1974-ல் அவரே தயாரித்து, பாலசந்தர் இயக்கத்தில், பெயரையும் வேஷத்தையும் மாற்றி மாற்றிப் பெண்களை ஏமாற்றுகிறவனாக நடித்து, ஃபிலிம்பேர் விருதும் வாங்கிய படம். இவருக்கு நடிக்கத் தெரியாது என்றவர்களுக்கு அதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை. பேத்தியோ 2007-ல் ஜீவன் நடித்ததைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறாள். பாட்டு நன்றாக இருக்குமாம். விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கும் இல்லை.